நான் கொடுத்த அரை மாத்திரை

மகளுக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. நமுனுகுலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீடு. வாசலில் வேப்பிலை செருகிய கையோடு மனைவி சட்டம் போட்டுவிட்டாள். மருந்து மாத்திரை எதுவும் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது.

"அம்மா வந்திருக்கிற வீடுங்க" என்றாள்.

பதுளையில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவன் நான். நாலு எழுத்து படித்த திமிர் வேறு. பிள்ளை காய்ச்சலில் அனத்துவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, என் தலைவலிக்கு வாங்கி வைத்திருந்த ஆஸ்பிரினில் பாதியைக் கரைத்துக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. மூன்று நாள் அப்படியே கொடுத்தேன். ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

கொப்புளங்கள் காயத் தொடங்கியபோது வாந்தி ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அப்புறம் ஒரே தூக்கக் கலக்கம். பெற்றவளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். த்ரீவீலர் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் சிங்களவர். மனைவிக்குச் சிங்களம் வராது. இரண்டு பக்கமும் நான்தான் சொல்ல வேண்டும். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதை அவளிடம் சொன்னேன்.

"ஒன்னுமே குடுக்கலைன்னு சொல்லுங்க. நான்தான் பாவி. நீங்க வாய்க்கு நல்லால்லைன்னு சொன்னீங்கன்னு ரெண்டாம் நாள் கறி தாளிச்சேன். அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. அதையும் சொல்லுங்க."

அவள் சொன்னதை மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் கட்டிலில் பிள்ளையின் கை இழுத்துக்கொண்டது. பயந்துபோய் உள்ளதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். ஆஸ்பிரின் என்ற பெயர் அவளுக்குத் தெரியாது.

டாக்டர் திட்டவில்லை. அம்மையோ வைரஸ் காய்ச்சலோ கண்ட பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், அபூர்வமாக, மூளை வீங்கி ஈரலும் கெட்டுவிடும் என்றார். ரேய்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார். பிழைப்பாளா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, மறைக்காமல் சொன்னது நல்லது என்றார்.

"என்னங்க சொல்றாரு?"

"அம்மை மூளைக்கு ஏறிருச்சாம்."

"நான் தாளிச்சதாலதானே?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு, பிள்ளை பிழைத்தால் மாரியம்மன் கோயிலை மூன்று சுற்று உருண்டு வருவதாக வேண்டிக்கொண்டாள்.

பத்து நாளைக்குப் பிறகு மகள் எங்களை அடையாளம் கண்டாள். பேச்சு சரியாக இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

தோட்டத்துத் திருவிழாவில் மனைவி ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றி உருண்டாள். கல்லும் சரளையுமான தரை. முழங்கையில் ரத்தம். "தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுக்க தாயே" என்று ஒவ்வொரு புரளலுக்கும் சொன்னாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

"அப்பா, அம்மா என்ன தப்பு செஞ்சாங்க?"

"ஒன்னும் செய்யலம்மா."

"அப்ப ஏன் உருளுறாங்க?"

மனைவி இரண்டாவது சுற்றில்தான் இருந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மூன்று சுற்றும் முடியும்வரை பின்னாலேயே நடந்தேன்.