சனிக்கிழமை ரோபோ கிளாஸ் எஸ்தர் மிஸ்

எஸ்தர் மிஸ் இறந்துவிட்டார்கள்.

நேற்று காலை எங்கள் மகள் பாப்பாவின் பள்ளிக்கூடக் குரூப்பில் ஹெச்.எம். மேடம் போட்டிருந்தார்கள். காய்ச்சல் என்று திண்டிவனத்தில் அட்மிட் ஆனார்கள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்...

அரிசி களைந்துகொண்டிருந்தேன். படித்துவிட்டு மறுபடியும் களைந்தேன். உலை வைத்தேன். அழுகை எதுவும் வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்தர் மிஸ் திண்டிவனத்தில் இருந்து சனிக்கிழமை தோறும் விழுப்புரம் வந்து, பாப்பா பள்ளிக்கூடத்தில் ரோபோ கிளாஸ் எடுத்தவர்கள். தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் மோட்டார், ஒயர், சக்கரம், பேட்டரி. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் பைக்குத்தான் சீட்டு, மிஸ் நின்றுகொண்டு வருவார்கள் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டுக் கணக்கை மட்டும் ஒழுங்காக எழுதுவேன். பாப்பா போய் அதை மிஸ்ஸிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு நாள் மிஸ் கூப்பிட்டு, எந்த சாமான் எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று எழுதி வைக்க முடியுமா அக்கா என்று கேட்டார்கள்.

சென்சார், ரெசிஸ்டர்... டப்பா மேல் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்துக்கொண்டேன். தப்பாகப் படித்தாலும் மிஸ் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு ஆயுத பூஜை ஞாபகம் வருகிறது.

பிள்ளைகள் தாங்கள் செய்த ரோபோவுக்கும் பூஜை போட வேண்டும் என்றார்கள். மிஸ் சர்ச்சுக்குப் போகிறவர்கள், என்ன சொல்வார்களோ என்று நான் பார்த்தேன். "போடுங்க, அதுவும் நம்ம கூட உழைக்குதுல்ல" என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ரோபோவுக்கு முன்னால் கண் மாதிரி ரெண்டு வட்டம் இருக்கும். எதிரில் ஏதாவது இருந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடித்துத் திரும்பும். பிள்ளைகள் சரியாக அந்த ரெண்டு கண்ணிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துவிட்டார்கள்.

சுவிட்சைப் போட்டதும் நேராக ஓடி, பொரிக் குவியலுக்குள் புகுந்து, ஹெச்.எம். மேடம் காலில் இடித்துத்தான் நின்றது.

மிஸ் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு... முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொட்டு வைங்கடி, வேணான்னு சொல்லல. கண்ணுல வெக்காதீங்க" என்றார்கள்.

அதே ஆயுத பூஜைக்குத்தான் எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த அரிசி மில்லில் புது மிஷின் வந்தது. மூட்டை பிடிக்கும், தைக்கும், அடுக்கும். மறு வாரமே மூட்டை தூக்குகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவரையும்தான்.

அந்தச் சனிக்கிழமை பாப்பா கிளாஸுக்குக் கிளம்பியபோது, இனிமேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாப்பா சாப்பிடவில்லை. நான் ரெண்டு பேருக்கும் நடுவில்.

சாயந்திரம் கிளாஸ் முடிந்து, மிஸ் அதே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காபியை வைத்தேன்.

"மிஷினுக்கு மால போட்டாங்க டீச்சர். எங்களுக்கு பொரி பொட்டலம் குடுத்தாங்க. அதயே எம்பொண்ணும் கத்துக்கினு இன்னொருத்தன் பொழப்புல மண்ண போடணுமா?"

மிஸ் காபி டம்ளரைக் கையில் எடுத்தார்கள். அப்புறம் கேட்டார்கள். "அந்த மிஷின் எப்பவாச்சும் நின்னுதாண்ணே?"

"நிக்காம இன்னா? ட்ரையல் ஓட்டுனப்பவே நின்னுபோச்சி. கோயமுத்தூர்லேர்ந்து ஆள் வர்ற வரிக்கும் மொதலாளிக்கு ஒரே பேஜாரு."

வந்த ஆளை எப்படிக் கவனித்தார்கள் என்று மிஸ் கேட்டார்கள். காரில் கூட்டிவந்து பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்லும்போது இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மிஸ் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் வேலை இருக்கும்னு நான் சொல்ல மாட்டேண்ணே. எனக்கே தெரியாது. நின்னுபோன மிஷின தொறந்து பாக்க பயப்படாத பொண்ணா பாப்பா வளரட்டும். அவ்ளோதான் என்னால ஆவும்."

காபியைக் குடித்துவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை இவரே பாப்பாவை பைக்கில் கொண்டுபோய் விட்டார். அதற்கப்புறம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை தூக்கப் போனாலும், சனிக்கிழமை காலையில் மட்டும் லேட்டாகத்தான் போவார்.

நேற்று மூன்று பேரும் திண்டிவனம் போனோம்.

மிஸ்ஸின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். இவரும் போட்டார். பாப்பா போடவில்லை... கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஹெச்.எம். மேடமும் வந்திருந்தார்கள். வேறு ஆள் வரும் வரைக்கும் ரோபோ ரூமைப் பூட்டி வைக்கப்போகிறார்களாம். யாராவது வருவாங்களா மேடம் என்று இவர் கேட்டார். எழுதிப் போட்டிருக்கிறோம், பார்க்கலாம் என்றார்கள்.



வீட்டுக்கு வந்து குளித்தோம். தலையைத் துவட்டிக்கொண்டே இவர் என்னிடம் கேட்டார்.

"சனிக்கெழம பாப்பாவ எங்க கூட்டினு போறது?"



இன்று திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் மிஸ் பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். தினமும் ஏதாவது வேண்டிக்கொள்கிறவள் நான். இன்றைக்கு எதுவும் வாயில் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பையை இறக்கி வெச்சிட்டு தூங்குங்க மிஸ்.