பதினோரு ஆண்டு தாமதமாகப் போன சீர்

அப்பா இல்லாமல் நாங்கள் கடக்கும் முதல் லெந்து நோன்புக் காலம் இது. ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்காக அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதினால், அப்பாவே சிரித்துவிடுவார். அதனால் பிடிவாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குன்னத்தூர்ப் பக்கம் ஒரு புராட்டஸ்டண்ட் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்த அப்பா, இளவயதிலேயே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து, துணி விரித்துப் பழகி, கட்டிங் மாஸ்டராக உயர்ந்தார். அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, அங்கேயே டெய்லர். உடன் வேலை பார்த்த கத்தோலிக்கரை அத்தை விரும்பி மணந்தபோது, நம் சபையில் மாப்பிள்ளையே இல்லையா என்று கோபித்த அப்பா கல்யாணத்துக்கும் போகவில்லை, சீரும் செய்யவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. பதினோரு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா எவ்வளவோ கெஞ்சியும் அவர் அசையவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் பகுதிச் சபைகளெல்லாம் லெந்து நாட்களில், அதாவது கத்தோலிக்கர் தவக்காலம் என்னும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களில், வெள்ளிதோறும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பது என்று எங்கள் போதகரும் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் பேசி முடித்தார்கள். லெந்தே அனுசரிக்காத பெந்தெகொஸ்தே சபையாரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் வாரம் எங்கள் வீட்டில். அத்தையும் வருகிறார் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. அந்த வெள்ளி காலையே நாட்டுக்கோழி வாங்கிவந்து பிரியாணி செய்யச் சொன்னார். எங்கள் சபையில் மாலை வரை உபவாசம் இருப்போம். அதன்பின் கறிக்குத் தடையில்லை.

வாசிப்பு முடிந்து இலை போட்டோம். பாதிப்பேர் தொடவில்லை. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. அத்தைதான் மெல்லச் சொன்னார்: “வெள்ளிக்கெழமைங்ணா. தவக்காலத்துல நாங்க கறி சாப்புடறதில்லீங்க. உங்களுக்கு எப்படீங்ணா தெரியும்?”

தங்கை வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவருக்கு எப்படித் தெரியும்? அப்பா அம்மாவிடம் எல்லாருக்கும் தயிர்சோறு கேட்டு, தாமும் அதையே சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளி அத்தை வீட்டில். அப்பா வரமாட்டார் என்றே அம்மா பயந்தார். அவரோ பட்டுச்சேலை, வேட்டி, தேங்காய் பழம் எல்லாம் தட்டுகளில் வைத்து எங்கள் கையில் கொடுத்து, வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாசிக்க வந்திருந்தவர்கள் திகைத்துப்போய் வழிவிட்டார்கள். அத்தை வாசலிலேயே அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கல்யாணமே வெக்காத தவக்காலத்துல யாராச்சும் கல்யாணச் சீர் கொண்டாருவாங்ளாண்ணா?” என்றார்.

“பதினோரு வருசம் தள்ளிப் போட்டாச்சு அம்மிணி. இன்னும் ஈஸ்டர் வரைக்கும் தள்ளோணுமா?”

அதன்பிறகு எந்த ஆண்டும் அந்த வெள்ளிகள் நிற்கவில்லை. அப்பா நோயில் படுத்த நாட்களில் அத்தையும் மாமாவும் மாறி மாறி மருத்துவமனையில் இருந்தார்கள். அவரைக் கல்லறைக்குச் சுமந்தவர்களில் மூன்று சபையாரும் இருந்தார்கள்.

சுமந்தவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர்களுக்கும், லீவு போட்டு வந்த கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கும் நன்றி எழுதப் போகிறேன் என்றேன். திட்டினார்: “ஏங்கண்ணு, பொறந்த ஊட்டுக்கு வந்தவளுக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்ளா?”