சாந்தியோடு பேசிய மொழி

ஈப்போ மருத்துவமனையில் தாதி கையுறையை இழுத்து மாட்டியபோது ரப்பர் வாசனை வந்தது. கட்டிலில் சாந்தி. பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது. பூனைப் படத்தைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறாள். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள்.

அந்த வாசனை எங்கள் அம்மாக்களிடம் கொண்டுபோய் விட்டது. பால்மரம் சீவுகிற பெண்களுக்கு ஒரு வாளி மொழி இருந்தது. வாளியில் இரண்டு தட்டு என்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வருகிறார். விடாமல் தட்டினால் அவருக்கும் மேலே இருக்கும் பெரிய கிராணியே வருகிறார். மரத்தடியில் சற்று உட்கார்ந்துகொள்வதற்காக உண்டான மொழி. பிறகு நான் வேலைக்குப் போன துணிக்கடையிலும் ஒன்று இருந்தது. "மயில் சேலைய எடுத்துட்டு வா" என்று முதலாளி சொன்னால், இனி விலை குறைக்காதே என்று பொருள். என் மரமண்டைக்கு அது தெரியாமல், இல்லாத சேலையைத் தேடி அலமாரியையே கலைத்துப் போட்டேன்.

சாந்தியும் நானும் பேசியது க பாஷை. ஒவ்வொரு அசைக்கும் முன்னால் ஒரு 'க'. வாடி போலாம் என்பது கவாகடி கபோகலாம். எல்லாப் பிள்ளைகளும் பேசுவதுதான். நாங்களே கண்டுபிடித்தோம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அவள் அப்பா குடித்துவிட்டு வந்த நாட்களில், பயமாக இருக்கிறது என்று பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அதில்தான் சொல்வாள். அவர் தூங்கும்வரை நான் இந்தப் பக்கமிருந்து எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன்.

மற்றதெல்லாம் போனாலும் அது அவளிடம் தங்கியிருக்கும் என்று நம்பித்தான் நேற்றுப் போனேன். குனிந்து, "கசாந்கதி, கநான்கதான்கடி" என்றேன்.

என்னைப் பார்த்தாள். என் பேச்சும் தனக்கு உடைந்து கேட்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பற்றிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"ஆண்ட்டி, சாதாரணமா பேசுங்க லா. அதுவே அம்மாவுக்கு வெளங்கல."

"சின்ன வயசுல நாங்க பேசினதும்மா."

"அம்மா சொன்னதே இல்லையே."

திரும்பி வரும் பஸ் அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தான் வருகிறது. ரப்பர் மரங்கள் போய் இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தமே இல்லை. ஒழிந்தது என்றுதான் இருந்தேன். அங்கே நடந்ததெல்லாம் தெரிந்த இன்னொருத்தி இருந்தாள், அதனால் அப்படி இருக்க முடிந்தது.

நாளைக்கும் போக வேண்டும். போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை.