அண்ணை கட்டிய கதை

பனி உருகி, ஸ்காபறோ வீட்டின் பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்திருந்தது. ஈரமண் வாசம் மூக்கில் ஏறியதும் நான் யாழ்ப்பாணத்துப் பங்கருக்குள் குந்தியிருந்தேன். ஷெல் விழும்போதெல்லாம் பனங்குற்றிகளுக்கிடையிலிருந்து மண் உதிரும். அண்ணை தன் சேட்டைக் கழற்றி என் தலையை மூடிவிட்டுக் கதை சொல்லுவார். கிணற்றுக்குள் விழுந்த நரி, ஆட்டின் முதுகில் ஏறித் தப்பிய கதை.

“உது நானே கட்டினது” என்று முடிப்பார். நான் நம்பினேன்.

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. இடப்பெயர்வில் அவருடைய படங்களும் தொலைந்தன.

பேஸ்மென்டிலிருந்து மேலே வந்து மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லி, “மாமா கட்டினது” என்றேன். அவள் நூலகப் புத்தகமொன்றை விரித்துக் காட்டினாள்.

“நோ அம்மா, இது பழைய கிரீக் ஸ்ரோறி. ஒரு அடிமை சொன்னதாம். பட் அப்பிடி ஒராள் இருந்ததுக்கே புறூஃப் இல்லையாம்.”

அண்ணை எனக்கு விட்டுப்போனது அந்தக் கதை மட்டும்தான். அதுவும் அவருடையது இல்லை.

“மாமான்ர ஃபோட்டோ இருக்கா?”

“இல்லை.”

“அப்ப மாமா றியலி இருந்தவரோ?”

“ஓம்” என்றேன். அப்படிச் சொல்ல இப்போது என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.