மௌன விரதமும் ஒரு துண்டுச் சீட்டும்

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் 'அஞ்சு கலர்' என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வேதாகமத்தில் ஐந்து நிறப் பென்சிலால் கோடு போடுகிறவர் என்றால் உடனே தெரியும். கட்டளைக்குப் பச்சை, வாக்குத்தத்தத்துக்கு நீலம், எச்சரிப்புக்குச் சிவப்பு. மற்ற இரண்டும் எதற்கென்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.

நான் பஸ் ஓட்டுகிறவன். அவர்கள் வீட்டு மாடியில்தான் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். விடிகாலை நாலரைக்குக் கீழே ஜெபம் ஆரம்பிக்கும். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று யாரோ அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். உபவாசம் இருந்தால், கடையில் நாலு பேரிடம் அதைச் சொல்லாமல் அவருக்குப் பசி அடங்காது. ஒரே வருஷத்தில் வேதம் முழுக்கப் படித்து முடிக்கிற அட்டவணையைக் கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்து டிக் போடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேருக்கு, வேதத்தை ஆழமாய்ப் படிப்பது எப்படி என்று வகுப்பு. அக்கா டீ போட்டுக் கொடுப்பாள். வகுப்பில் உட்கார அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

போன வருஷம் எதையோ படித்துவிட்டு மௌனத்தைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு வரை பேச மாட்டார். அந்த வாய் மூடியிருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். "என்னங்க, இங்க வாங்க" என்று அவள் கூப்பிட்டது மாடிவரை கேட்டது. நான் இறங்கி ஓடினேன். ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. அத்தான் வாசலில் குனிந்து நின்று, ஒரு துண்டுச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். 'எழுந்திருக்க முடியுமா?' முத்து முத்தான கையெழுத்து. அடியில் கோடு வேறு.

"கண்ணாடி இல்லாம என்னத்தப் படிக்கிறது?" என்றாள் அக்கா.

ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற மனுஷன். அவரை இடித்துத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கினேன்.

ஆஸ்பத்திரியில், எப்படி விழுந்தார்கள் என்று நர்ஸ் அவரைத்தான் கேட்டாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால். வாய் திறக்கவில்லை.

"இவருக்குப் பேச்சு வராதா?" என்று என்னிடம் பரிவாகக் கேட்டாள்.

"வரும்மா. கால் மணி நேரம் ஆகும்" என்றேன்.

ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில், தன் மௌனத்தைக் கலைக்கச் சாத்தான் எப்படியெல்லாம் முயன்றான், தான் எப்படி ஜெயித்தோம் என்று இந்த மகான் சாட்சி சொன்னார். டீ போட முடியாததால் அன்று அக்காவும் அங்கே உட்கார்ந்திருந்தாள். காலொடிந்த நாற்காலிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நானும் இருந்தேன்.

வகுப்புக்கு வருகிற ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க எப்படிப் படிப்பீங்கம்மா?"

"எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுங்க டீச்சர். ஒரு பத்தி எடுத்தா ஒரு வாரத்துக்கு அதேதான். பாத்திரம் கழுவுறப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன். இன்னிக்கு என்ன செய்யச் சொல்லுதுன்னு கேப்பேன். செஞ்சிட்டா அடுத்த பத்தி."

"செய்யலன்னா?"

"செய்யுற வரைக்கும் அதே பத்திதான். மன்னிக்கிறதப் பத்தி ஒண்ணு எடுத்தேன், நாலு மாசம் இழுத்துச்சு."

யாரை மன்னிக்க என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"இப்ப எது ஓடுதும்மா?"

"கண்ணாடியில மூஞ்சியப் பாத்துட்டு, அந்தாண்ட போனதும் மறந்துடுறவன் ஒருத்தன் வருவான்ல, வசனத்தக் கேட்டுட்டுச் செய்யாதவன் அவன மாதிரின்னு, அது."

அத்தானுக்குக் கரும்பு தின்னக் கூலியா? பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கண்ணாடி என்பது மெருகேற்றிய உலோகம், அதில் முகம் மங்கலாகத்தான் தெரியும் என்று தொடங்கிப் பதினைந்து நிமிஷம் பேசினார். அந்தப் பகுதியில் தாம் போட்ட மூன்று நிறக் கோடுகளையும் தூக்கிக் காட்டினார்.

அக்கா முழுக்கக் கேட்டாள். "அத்தனையும் சரிங்க. இன்னிக்கு என்ன செய்யச் சொல்லுது?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். டீச்சரம்மா தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா, அடுத்த வாரத்திலேர்ந்து நாம அம்மா சொல்ற மாதிரியே படிச்சுப் பாப்போமா?" என்றார். எல்லாரும் சரி என்றார்கள். அத்தான் கடைசியாகத் தலையாட்டினார்.

நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் காலை அக்கா இடது கையால் சீப்போடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அவர் போட்ட பின்னல் மாட்டுக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக நின்றது. அதோடுதான் அக்கா சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சிரிடா, சிரி. அவரு ஒரு பத்தியாச்சும் செஞ்சாரு. நீ ஒரு வரி படிச்சியா?" என்றாள்.

எனக்கு அவர்மேல் இன்னும் மரியாதை வரவில்லை. நாலரை மணிக் கூச்சலும் நின்றபாடில்லை. ஆனால் கட்டுப் பிரிக்கிறவரை தினமும் அவர்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். கடைசி வாரத்தில் பின்னல் ஏறக்குறைய நேராக வந்தது.