எருமப்பட்டியில் ஒரு ஹாலந்துக் கிண்ணம்

எருமப்பட்டி தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தண்ணீர் கேட்டு அருகிலுள்ள தோட்டத்து வீட்டுக்குப் போகிறேன். வாசலில் ஓர் அக்கா கிண்ணத்தில் தயிரோடு வருகிறார். நீலப் பூப்போட்ட பழைய பீங்கான்! இருபது வருடமாக ஐரோப்பியப் பீங்கான் சேர்ப்பவன் நான். கேட்காமலே வாங்கி, தூக்கி அடியைப் பார்க்கிறேன். ‘ஹாலந்து’ என்று முத்திரை. சட்டையெல்லாம் தயிர்.

“அக்கா, இதை எனக்குக் குடுப்பீங்களா?”

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “மாட்டேனுங்க. தயிரு இதுல ஒறஞ்சாத்தானுங்க எங்கூட்டுக்காரருக்குச் சோறு எறங்கும். வேணும்னா நீங்களும் உண்டுட்டுப் போங்க.”

அதே கிண்ணத்தில் சோறு போட்டுப் பிசைந்து தருகிறார். என் அலமாரியில் நாற்பது கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் நான் சாப்பிட்டதில்லை. இதில் பூ தெரியும்வரை வழித்துச் சாப்பிடுகிறேன். கண்டக்டர் விசில் அடிக்கிறார். நான் இன்னும் ஒரு கை சோறு கேட்கிறேன்.