செக்குபந்தியில் இல்லாத தடம்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று டோக்கன்கள் இருந்தன. அப்போதுதான் பத்திரத்தை முதன்முதலாக என் கையில் வாங்கினேன்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, ஒரு தோட்டத்தின் கோடியில் இருபது சென்ட் பூமி. பம்ப்செட் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் லேத்தில் நின்று சேர்த்ததெல்லாம் அதற்குத்தான். அட்வான்ஸுக்காக மனைவியின் சங்கிலியையும் விற்றிருந்தோம். "அஞ்சு வருசத்துல ரெட்டிப்பாயிருமுங்க" என்று புரோக்கர் சொன்ன அன்றே, மனதுக்குள் மகளின் கல்யாணத்தை முடித்துவிட்டேன்.

பூமியின் மூலப் பத்திரத்தை வக்கீல் யாரிடமும் காட்டவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் குலதெய்வக் கோயிலில் பூக்கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். எங்களுக்கு வெள்ளைதான் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்பது சாமியைச் சந்தேகப்படுவதாகத் தோன்றியது. இது பாதிக் காரணம்தான். ஐந்தாவதோடு நின்றவன் நான். படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் எழாது.

விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பூமிக்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதும் செக்குபந்திக்கு வந்தேன். மேற்கே ஓடைப் பள்ளம். வடக்கே வேறொருவர் காடு. தெற்கே இன்னொருவர் தோட்டம். கிழக்கே விற்பவரின் அண்ணன் பூமி. மறுபடி படித்தேன். இடம் பார்க்கப் போனபோது, கிழக்கே இருந்த சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு மண் தடத்தில்தான் கார் போனது. "இதுல லாரியே போவுமுங்க" என்றார் புரோக்கர். அந்தத் தடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"கேளுங்க" என்றாள்.

"எல்லாரும் இருக்கறாங்க."

"கையெழுத்துப் போட்டுப்போட்டு அப்புறம் ஆருகிட்டப் போயிக் கேப்பீங்க?"

இன்னும் ஒரு டோக்கன். எழுந்து, எதிர் பெஞ்சில் புரோக்கரோடு உட்கார்ந்திருந்த விற்பவரிடம் போனேன். "ஏனுங்க, தடம் எழுதலீங்களே?"

அவர் சிரித்தார். புரோக்கர் முந்திக்கொண்டார். "பாருங்க, அஞ்சாவது படிச்சவரு பத்திரத்துல குத்தம் கண்டுபுடிக்கறாரு! ஆகாசத்துலயா பறந்து போயி எடம் பாத்தீங்க? தடம் அங்கயேதான கெடக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. மனைவியின் வெறும் கழுத்தைப் பார்த்தேன்.

"அதையும் சேத்தி எழுதிருங்க. நான் கையெழுத்துப் போட்டர்றேன்."

விற்பவர் சிரிப்பை நிறுத்தினார். "அது எங்கண்ணன் பூமிங்க. அவரு வந்து கையெழுத்துப் போடோணும்."

"கூப்புடுங்க. நாங்க இருக்கறோம்."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். புரோக்கர் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், கூட வந்திருந்த பத்திரம் எழுதியவர்தான், தலையைத் தூக்காமலே, "அண்ணந் தம்பி பேசியே வெகு நாளாச்சுங்க" என்றார்.

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். விற்பவர் எழுந்து என்னைப் பார்த்தார். நான் எழவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். "வேண்டாமுங்க" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிடாமல் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

"அட்வான்ஸ் வராதுங்க, தெரியுமல்லொ? அக்ரிமெண்ட்ல எழுதியிருக்குது" என்றார் புரோக்கர். அதை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் கேட்டேன், "சாமி வெள்ளை குடுத்துதே?"

"பூமி வாங்கலாமான்னுதான கேட்டோம். போறதுக்குத் தடம் இருக்குதான்னு நாம கேக்கலீங்களே."

கேட்டுக்கு அந்தப் பக்கம் புரோக்கர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "இருபது சென்ட்டுங்க. இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. தடமுங்களா? லாரியே போவுமுங்க."

அந்த முனையில் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் பத்திரத்தை விரல் வைத்துப் படிப்பவராக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே பஸ்ஸில் ஏறினேன்.